வன்னி ஆறுகளும் நகரக் கழிவுநீரும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஆறுகளைப் பற்றிப் பேசுவோர் நீரின் அளவைப் பற்றியே பேசுவர். அதன் தரத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். மழை பொய்த்தால் பயிர் கருகும் மண்ணில் இது இயல்பே. ஆயினும் நகரங்கள் பெருகிவரும் இன்று அளவையும் தரத்தையும் பிரித்து நோக்குதல் இயலாது என்பது எமது கருத்து.

வவுனியா மாவட்டத்தின் கிழக்கிலே தோன்றும் கனகராயன் ஆறு வடக்கு நோக்கிப் பாய்ந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, எஞ்சியதைச் சுண்டிக்குளக் கடனீரேரியிற் சேர்க்கின்றது. மாரியிற் கரைபுரளும் இவ்வாறு கோடையில் மணற்படுக்கையாகவும் தேங்கிய மடுக்களாகவும் சுருங்கிவிடும்.

நகரக் கழிவு ஆற்றுக்குச் செய்யும் முதற்கேடு நாற்றமன்று, ஒட்சிசன் இழப்பாகும். 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனையே கரைத்து வைத்திருக்கும். ஒரு லீற்றர் வீட்டுக் கழிவுநீரிலுள்ள சேதனப் பொருளைப் பற்றீரியாக்கள் ஐந்து நாட்களிற் சிதைப்பதற்கோ 200 முதல் 300 மில்லிகிராம் வரை தேவைப்படும். இதனையே உயிரிரசாயன ஒட்சிசன் தேவை என்பர். ஒரு லீற்றர் கழிவு முப்பது லீற்றர் ஆற்றுநீரின் மூச்சைப் பறிக்கவல்லது என்று கொண்டால் பிழையில்லை. மீன்கள் செத்து மிதப்பது அதன்பின் நிகழ்வது.

சுத்திகரிப்பு நிலையம் புதுமை எதனையும் செய்வதில்லை. ஆற்றில் நடக்கவிருந்த சிதைவைத் தன் தாங்கிக்குள்ளேயே நடத்தி முடிக்கின்றது. கண்டி நகருக்காக மகாவலிக் கரையில், கன்னொறுவையில் அமைந்துள்ள நிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கந்தலும் மணலும் முதலில் அகற்றப்படுகின்றன. பின்னர் நீண்ட வளைவாய்க்காலிற் கழிவுநீர் சுற்றிவர, காற்றூட்டப்பட்ட பகுதிகளில் நுண்ணுயிர்கள் சேதனப் பொருளை உண்டு பெருகுகின்றன, அமோனியா நைத்திரேற்றாகின்றது. ஒட்சிசன் குறைந்த பகுதிகளில் அந்நைத்திரேற்று நைதரசன் வாயுவாகி வெளியேறுகின்றது. இறுதியில் நுண்ணுயிர்ச் சேறு அடியிற் படிய, தெளிந்த நீர் கிருமிநீக்கம் பெற்று ஆற்றை அடைகின்றது.

கண்டியின் முறையை வன்னிக்கு அப்படியே கொண்டுவரலாமா? 2008ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்ற உயிரிரசாயன ஒட்சிசன் தேவை எல்லையை விதித்தன. பலரும் இவ்விலக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். அது ஏற்கும் ஆற்றில் எட்டு மடங்கு தூயநீர் உண்டு என்ற எடுகோளின் மேல் நிற்பது. நீர் குறையின் எல்லையும் அவ்விகிதத்திற் குறையும். இரு மடங்கு நீரே உண்டெனில் எல்லை 7.5 ஆகும். ஆவணியின் மணற்படுக்கைக்கு எந்த இலக்கத்தைப் போடுவது? மகாவலி தன் நீர்ப்பெருக்காற் செய்யும் உதவியை எமது ஆறுகள் செய்யமாட்டா.

மேலும், வன்னி ஆறு குளத்தில் முடிவது வழக்கம். ஓடும் நீர் கொண்டுசெல்லும் பொசுபரசு, குளத்திலே தங்கி அல்காக்களை வளர்க்கும்.

இன்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நகரங்கள் எதிலும் நகர் முழுவதையும் இணைக்கும் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. மலக்குழிகளும் அவற்றை உறிஞ்சும் பவுசர்களுமே உள்ளன. வவுனியாவுக்குப் பேராற்று நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் வழங்கும் திட்டம் நிறைவேறியது. பொறியியலாளரின் வழமையான கணக்கின்படி, வீட்டுக்குள் வரும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும். உள்வரும் குழாய்க்கு நிதி கிடைத்த அளவுக்கு வெளிச்செல்லும் நீருக்குக் கிடைப்பதில்லை. குடிநீர்க் குழாய்க்குத் திறப்புவிழா உண்டு.

கண்டிப் பள்ளத்தாக்கில் இல்லாத நிலமும் வெயிலும் வன்னியில் உண்டு. ஆகவே மின்சாரம் அதிகம் வேண்டாத நிலைப்படுத்தற் குட்டைகளையே நாம் பரிந்துரைப்போம். தொடர்ச்சியான குட்டைகளில் நீர் பல நாட்கள் தங்கும்போது அல்காக்கள் ஒட்சிசனை அளிக்கின்றன. சூரிய ஒளி கிருமிகளை அழிக்கின்றது. புழு முட்டைகள் அடியிற் படிகின்றன. ஆவியாதலால் ஒரு பகுதி நீர் இழக்கப்படும் என்பது உண்மையே. எஞ்சியதைக் கோடையில் ஆற்றிலே விடாது, மரத்தோட்டங்களுக்கும் தீவனப்புல்லுக்கும் பாய்ச்சலாம். பச்சையாக உண்ணும் மரக்கறிக்கு ஆகாது. குட்டைகளைக் குளங்களின் நீரேந்து பரப்புக்கு மேலே அல்லாமற் கீழே அமைத்தல் வேண்டும். கிளிநொச்சி நகர் இரணைமடுவுக்குக் கீழே இருப்பதால் அங்கு குளத்துக்கு ஆபத்துக் குறைவு. நகரின் வடிநீரைப் பெறுவன வயல்களும் கடனீரேரியும் அங்கு வலைவீசும் மீனவர் குடும்பங்களுமே.