குளிர்காலத்தில் எரிபொருள் கூடுவது ஏன்?

தில்லியில் சனவரி வந்தால், காரின் மைலேஜ் குறைந்துவிட்டதென்று மெக்கானிக்கைத் தேடுகிறோம். வண்டியில் பழுதேதும் இல்லாமலும் இது நேரும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. எனவே சூடேறும்வரை கூடுதலாகச் செலுத்தப்படுகிறது. எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டு உராய்வை மிகுவிக்கிறது. பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டுமே செல்லும் வண்டி சூடேறுமுன்பே நின்றுவிடுவதால் இழப்பு அதற்கே மிகுதி.

நாம் மறப்பது டயரை. அக்டோபர் பிற்பகலின் 32 பாகை வெப்பத்தில் 33 பிஎஸ்ஐ காற்றடைத்த டயரில், சனவரி விடியலின் 7 பாகையில் ஏறக்குறைய 29 தான் இருக்கும், துளியும் கசியாமலே! தளர்ந்த டயர் உருள அதிக விசை வேண்டும். ஆகவே காலையில், வண்டி நெடுந்தூரம் ஓடுமுன், காற்றழுத்தத்தைச் சரிபார்ப்போம். நிறுத்திவைத்தே பத்து நிமிடம் எஞ்சினைச் சூடாக்கும் பழக்கத்தையும் கைவிடலாம். அரை நிமிடம் பொறுத்து, மெதுவாக ஓட்டிச் சென்றாலே அது விரைவில் சூடேறிவிடும்.