சுகப்பிரசவம்தானே, ஏன் 48 மணி நேரம்?

ஆரணியில் பட்டுத்தறி ஓடாத தெரு குறைவு. பாவு பாதியில் நிற்கும்போது, "சுகப்பிரசவம்தானே, நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்கத் தோன்றும்தான்.

ஆனால் அரசு மருத்துவமனையில் 48 மணி நேரமாவது தங்கச் சொல்வது சும்மா இல்லை. தாயின் உயிரைப் பறிக்கும் ரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் வரும். குழந்தைக்கு முதல் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட வேண்டியதும் அதற்குள்தான். மஞ்சள் காமாலையோ பல குழந்தைகளுக்கு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தெரியும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஆட்டோ தேட வேண்டாம். தாயையும் சேயையும் வீட்டில் விட 102 வாகனம் இருக்கு, இலவசம்.

வீட்டுக்கு வந்த பிறகு மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சல், கடும் தலைவலி, வலிப்பு வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்க. "அதெல்லாம் அப்படித்தான் போகும்" என்று பெரியவங்க சொன்னாலும் காத்திருக்காதீங்க.

தறிக்குழியில் எப்போது உட்காரலாம்? ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டரிடமே கேளுங்க. அதுவரை கூலி போகுதே என்றால், தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது: தவணைகளில் 14,000 ரூபாய், கூடவே 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். இதற்கு, கர்ப்பமான 12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருக்கணும்.