தண்ணீர்த் திருடனைப் பிடிக்கலாமா?

குட்டீஸ்... இன்று இரவு எல்லாரும் படுக்கப் போனதும், டி.வி.,யை அணைத்துவிட்டு டாய்லெட் பக்கம் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். 'ஸ்ஸ்ஸ்...' என்று மெல்லிய சத்தம் வருகிறதா? யாரும் பிளஷ் செய்யாத போதே, கோப்பையின் பின்பக்கம் நூல் போலத் தண்ணீர் வழிகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டில் ஒரு திருடன் இருக்கிறான். பிளஷ் டேங்க்கில் ஒளிந்திருக்கிறான்!

'சின்ன ஒழுகல்தானே...' என்று விட்டு விடாதீர்கள். 2019ம் ஆண்டு கோடையில், சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் கிட்டத்தட்ட வறண்டு போயின. குடங்களை வரிசையாக வைத்து, லாரிக்காக மக்கள் காத்துக் கிடந்தனர். அந்த ஆண்டு ஜூலை 12ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயில் ஏறி வந்தது. அப்படி வந்த தண்ணீரும் ஓட்டை டேங்க்கில் விழுந்தால், நேராகச் சாக்கடைக்குத்தான் போகும்!

டேங்க்குக்குள் என்ன இருக்கிறது?

டேங்க்கில் தண்ணீர் ஏற ஏற, ஒரு பந்தும் மிதந்து மேலே வரும். பந்தோடு சேர்ந்த கம்பி, நெம்புகோல் போல அழுத்தி, தண்ணீர் வரும் வழியை மூடி விடும். சில டேங்க்குகளில் பந்துக்குப் பதில் டம்ளர் போன்ற மிதவை இருக்கும். அடியில் ஒரு ரப்பர் வாஷர், தண்ணீர் கோப்பைக்குள் போகாமல் அடைத்திருக்கும். பக்கத்திலேயே ஒரு குழாய் நிற்கும். தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால், இதன் வாய் வழியாகக் கோப்பைக்குள் போய்விடும்.

ஆக, திருடன் தப்பிக்க இரண்டே வழிகள்... ஒன்று மேலே, இன்னொன்று அடியில்!

கையும் களவுமாக...

முதலில் அப்பா, அம்மா அல்லது அண்ணனைத் துணைக்கு அழையுங்கள். பீங்கான் டேங்க்கின் மூடி கனமானது. கை தவறினால் காலில் விழும். அதைப் பெரியவர்களே தூக்கட்டும். டேங்க் சுவருக்குள் பதித்ததாக இருந்தால், பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

உள்ளே பாருங்கள். நிற்கும் குழாயின் வாய் வழியாகத் தண்ணீர் வழிந்தால், திருடன் மேல் வழிக்காரன்.

வழியவில்லையா? துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் ஐந்தாறு சொட்டுகளை டேங்க்கில் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யக் கூடாது. பிறகு பார்த்தால் கோப்பையில் நீல நிறம் தெரிகிறதா? அடி வாஷர் ஒழுகுகிறது!

எவ்வளவு திருடினான்?

அடி வாஷர் ஒழுகினால், டேங்க்குக்குத் தண்ணீர் வரும் குழாயில் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். உள்ளே தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் அளவெடுங்கள்.

டேங்க்கின் உள் நீளம் 40 செ.மீ., அகலம் 15 செ.மீ., தண்ணீர் இறங்கியது 1 செ.மீ., என்று வைத்துக் கொள்வோம். 40 x 15 x 1 = 600 மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு 14.4 லிட்டர். 30 நாளைக்கு 432 லிட்டர். 15 லிட்டர் வாளியில் பிடித்தால், கிட்டத்தட்ட 29 வாளி!

இனி தண்டனை!

மேல் வழி என்றால்: பந்தைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். 'களக் களக்' சத்தம் கேட்டால், ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. புதிது மாற்ற வேண்டும். பந்து நன்றாக இருந்தால், பித்தளைக் கம்பியைப் பெரியவர்கள் லேசாகக் கீழ்ப்பக்கம் வளைக்கலாம். பிளாஸ்டிக் கம்பியை வளைக்காதீர்கள், உடைந்து விடும். அதிலுள்ள திருகைத் திருப்பினாலே போதும். தண்ணீர், குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால், தண்ணீர் வரும் வால்வு தேய்ந்திருக்கும். அதை மாற்ற வேண்டும்.

அடி வழி என்றால்: ஆங்கிள் காக்கை மூடி, பிளஷ் செய்து டேங்க்கைக் காலி செய்யுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு, வாஷரிலும் அது உட்காரும் இடத்திலும் படிந்திருக்கும். துணியால் துடைத்தாலே பல சமயம் ஒழுகல் நின்று விடும். ரப்பர் வெடித்திருந்தால், பழைய வாஷரையே ஹார்டுவேர் கடைக்குக் கொண்டு போய், அதே அளவில் வாங்குங்கள். டேங்க்குக்கு டேங்க் அளவு மாறும்!

வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அப்புறம் மறுபடியும் நீலச் சோதனை செய்யுங்கள். கோப்பைத் தண்ணீர் நிறம் மாறாமல் இருந்தால், திருடன் மாட்டிக்கொண்டான்.

என்ன குட்டீஸ்... டார்ச் லைட்டை எடுத்தாச்சா?