நகரம் வளர்ந்த கதை – 7
லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே?

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. மருந்துக் கடை, மெஸ், அடுக்குமாடி வீடுகள், ஷேர் ஆட்டோ எல்லாம் இருக்கின்றன. ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்துக்குப் போனால் டேங்க் பண்ட் ரோடு. அங்கே கரையும் இல்லை, குளமும் இல்லை. தபால்காரர், கூரியர்காரர் தவிர வேறு யாரும் இந்தப் பெயர்களை இப்போது பொருட்படுத்துவதில்லை.

நூறு ஆண்டுக்கு முன்னால் இந்தப் பெயர்கள் பொய் சொல்லவில்லை. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரே நீர்ப்பரப்பு வளைந்து கிடந்தது. நீளத்தைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் அதற்கு 'லாங் டேங்க்' என்று பெயர் வைத்தார்கள். மவுண்ட் ரோடு அதன் கரையோரமாகப் போனது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் ததும்பும்போது துரைமார் அதில் படகுப் போட்டி நடத்தியதுண்டு.

சென்னையில் ஜனம் பெருகியது. வீடு கட்ட இடம் வேண்டும். மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி. 1920-இல் வந்த மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் கையில் இருந்தது. ஏரி வடிக்கப்பட்டது, 1920களில் அதன் படுகையிலும் கரையிலும் தியாகராய நகர் எழுந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'திட்டமில்லாத வளர்ச்சி' என்று பேச்செடுத்தாலே தி. நகர் நெரிசலைத்தான் படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் சென்னையில் காகிதத்தில் கோடு போட்டுப் பிறகு கட்டிய பேட்டைகளில் இதுவும் ஒன்று. நடுவில் பனகல் பூங்கா. அங்கிருந்து பிரிந்து போகும் அகலச் சாலைகள். மனைகளில் தோட்டம் விட்டுக் கட்டிய தனி வீடுகள். உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, ஜி.என். செட்டி ரோடு, நடேசன் பூங்கா என்று நீதிக்கட்சியின் வருகைப் பதிவேட்டையே தெருப்பெயர்ப் பலகையில் எழுதி வைத்தது மாதிரி இருக்கும். பேட்டைக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் 1925-இல் காலமானார்.

அப்படியானால் எங்கே பிசகியது?

ரயிலடியில். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் இறங்கிய கூட்டம் உஸ்மான் ரோட்டுக்குப் போகக் குறுக்கு வழியாக ஒரு குடியிருப்புத் தெருவைப் பிடித்தது. அதுதான் ரங்கநாதன் தெரு. ஆயிரம் கால்கள் தினமும் நடக்கிற தெருவில் திண்ணை எத்தனை நாள் திண்ணையாகவே இருக்கும்? பாத்திரக் கடை வந்தது, ஜவுளி வந்தது. தாம்பரம், செங்கல்பட்டு பக்கத்திலிருந்து கல்யாணச் சாமான் வாங்க வருபவருக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. தெருவை அகலப்படுத்த வழியில்லை. ஆகவே கடைகள் மேலே போயின. நான்கு பேர் கைகோத்து நடக்கச் சிரமப்படும் தெருவில் பல மாடிக் கடைகள் நின்றன. சுற்றிலும் விட வேண்டிய 'செட்பேக்' காணாமல் போயிற்று. கார் நிறுத்துவதாகச் சொல்லி வரைபடத்தில் காட்டிய பேஸ்மென்ட்டில் சரக்கு மூட்டைகள் ஏறின.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் போகவில்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அந்தச் சட்டத்தின் கீழ் 1974-இல் சட்டபூர்வ அமைப்பானது. முதல் முழுமைத் திட்டம் 1976-இல் வந்தது. அதே ஆண்டு பழைய ஏரிப் படுகையில் வள்ளுவர் கோட்டமும் திறக்கப்பட்டது.

அந்தச் சட்டத்திலேயே 113 என்று ஒரு பிரிவு. எந்தக் கட்டடத்துக்கும் எந்த விதியிலிருந்தும் அரசு விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். விதியை எழுதிய கையே அதற்குக் கொல்லைப்புறக் கதவும் வைத்தது. விலக்குகள் குவிந்தன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, காரணம் சொல்லாமல் அளித்த 62 விலக்கு ஆணைகளை ஒரே மூச்சில் ரத்து செய்தது.

அதற்குள் 113-ஏ பிறந்திருந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதி மீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ளலாம். 'ஒரே ஒரு தடவை' என்றார்கள். நீதிமன்றமும் அந்தச் சொல்லை நம்பித்தான் ஏற்றது. பிறகு கெடு 2000-க்கு நகர்ந்தது, 2001-க்கு நகர்ந்தது, 2002-க்கும் நகர்ந்தது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. இடிப்பும் சீல் வைப்பும் தொடங்கியதும் வியாபாரிகள் கொதித்தார்கள். 2007-இல் அவசரச் சட்டம் வந்து அதிகாரிகளின் கைகளைக் கட்டியது. 2012-இல் 113-சி வந்து, 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்கு மறுபடி ஒரு வாசலைத் திறந்தது. இரண்டு பெரிய கழகங்களின் ஆட்சியிலும் நடந்தது இது. ஒருவரைக் கைகாட்டி மற்றவர் தப்பிக்க முடியாது.

இந்த வரிசையைப் படிக்கிற கட்டட முதலாளி என்ன கற்றுக்கொள்வார்? முறையாக பிளான் வாங்கி, இடம் விட்டுக் கட்டிய பக்கத்து வீட்டுக்காரர்தான் ஏமாளி. சலுகையை எதிர்பார்த்தே கட்டியவர்கள் பலர். அவர்கள் கணக்கு அவ்வளவாகத் தப்பவில்லை.

கணக்கு தப்பிய இடங்களும் உண்டு. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பல மாடிக் கடை தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2011 அக்டோபர் கடைசி நாள், விடியும் முன்பே அதிகாரிகள் வந்து இருபதுக்கும் மேற்பட்ட கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். பொங்கல் வியாபாரத்துக்குள் உச்ச நீதிமன்ற உத்தரவோடு அவை தற்காலிகமாகத் திறந்தன. 2017 மே 31 அன்று உஸ்மான் ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடை எரியத் தொடங்கியது. ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. பிறகு முழுக் கட்டடத்தையும் இடித்தே தீர வேண்டியதாயிற்று.

தண்ணீர் வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஏரி போனாலும் பள்ளம் போகவில்லை. வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி தி. நகரைக் கடந்து நந்தனத்தருகே அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய்தான் இந்தப் பள்ளத்துக்கு வடிகால். 2021 நவம்பரில் அந்தக் கால்வாயில் ஸ்மார்ட் சிட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. கொட்டிய மண்ணும் இடிபாடும் வழியை மறிக்க, தி. நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. 'ஸ்மார்ட்' என்ற சொல்லை அந்த வாரம் யாரும் சிரிக்காமல் சொல்லியிருக்க முடியாது.

தப்பிப் பிழைத்த பழைய வீடு ஒன்றின் வாசலில் போய் நின்று பார்த்தால் தண்ணீரின் கணக்கு இன்னும் துல்லியமாக விளங்கும். கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போனார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டார்கள். ஒரு படி புதைந்தது. அடுத்த முறை இன்னொன்று. இப்போது கேட்டைத் திறந்து இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் திட்டு. மழை அறிவிப்பு வந்தால் அதன்மேல் மணல் மூட்டை. பழைய தாரைச் சுரண்டிய பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். புதைந்த படிகள் அதற்குள் புதைந்துவிட்டன.

நல்லதும் நடந்திருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி, உட்கார இருக்கை போட்டார்கள். மாலையில் பேரனோடு வந்து எதுவும் வாங்காமல் உட்கார்ந்துவிட்டுப் போகிற தாத்தாக்களை அங்கே பார்க்கலாம். சென்னைக் கடைவீதியில் இது அபூர்வக் காட்சி. 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாதை திறந்தார்கள். அதில் நின்று கீழே பார்த்தால் ரங்கநாதன் தெரு வெறும் தலைகளாகத் தெரியும். அந்தத் தலைகளுக்கு நடுவே தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்பதற்குத்தான் மேலிருந்து பார்த்தாலும் விடை கிடைப்பதில்லை.

2008-இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அடுத்து 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம். சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022-இல் விரிந்துவிட்டது. தி. நகர் ஏரிக்கு 1920களில் நடந்தது இனி அரக்கோணம் பக்கத்து ஏரிகளுக்கும் நடக்கலாம். வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லச் சட்டத்தில் இடம் உண்டு. வாசகர்கள் தங்கள் ஊர் ஏரியின் சர்வே எண்ணை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளட்டும். வரைபடத்தில் அந்த எண்ணுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். நீலம் இல்லையென்றால் கெடு முடிவதற்குள் ஒரு கடிதமாவது எழுத வேண்டும்.

(அடுத்த வாரம்: பள்ளிக்கரணை)