ஆமிஷ் ஊரில் ஆமிஷ் இல்லை

சாந்த் மரி ஓ மீன் என்று ஊரின் பெயரைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தின் கடைக்குட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மீன் பிடிக்கவோ அக்கா போறம்?" என்று கார் து லெஸ்த் நிலையத்தில் ரயில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். பிரெஞ்சில் அந்த 'மீன்' என்றால் சுரங்கம். ஒரு காலத்தில் வெள்ளி எடுத்த ஊர் அது. நாங்கள் வெள்ளியைப் பார்க்கவும் போகவில்லை. ஆமிஷ் மக்களைப் பார்க்கப் போனோம்.

இந்த எண்ணம் வந்த விதத்தைச் சொல்லவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை வாலிபர் கூடுகை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தம்பி கைப்பேசியில் அமெரிக்காவின் லங்காஸ்டர் மாவட்டத்தைக் காட்டினான். சாம்பல் நிறக் குதிரைவண்டி, மீசையில்லாத தாடி, தலையை மூடிய பெண்கள், மின்கம்பி போகாத வீடுகள். எல்லோருக்கும் உடனே அங்கே போகவேண்டும் என்று ஆசை. விமானச் சீட்டுக்கு யார் காசு தருவது என்று பொருளாளர் கேட்டதும் ஆசை அடங்கியது. அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் தங்கை, "அவையள் தொடங்கினதே அல்சாஸ் பக்கந்தான். லாச்சப்பல்ல இருந்து கார் து லெஸ்துக்கு நடந்தே போகலாம். மிச்சம் ரயில்" என்றாள்.

அப்படித்தான் விண்ணேற்ற நாள் விடுமுறையை அடுத்த சனிக்கிழமை, பிள்ளைகள் பதினான்கு பேரும் பெரியவர்கள் மூன்று பேருமாக வெளிக்கிட்டோம். ஸ்ட்ராஸ்பூர்க் வரை அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு செலஸ்தாவுக்குச் சாதாரண ரயில், அங்கிருந்து மலைப் பள்ளத்தாக்குக்குள் பஸ். றோல்ஸ் பெட்டி ஸ்ட்ராஸ்பூர்க் வருமுன்பே காலி.

ஊர் வடிவானது. ஏறத்தாழ 5,000 பேர் வாழும் இடம். இரண்டு பக்கமும் வோஜ் மலைக் காடு, நடுவே லியெப்வ்ரெட் என்ற சிற்றாறு, ஆற்றோரம் பழைய நெசவாலைக் கட்டடங்கள். குதிரைவண்டியைத் தேடிக் கடைத்தெரு முழுதும் நடந்தோம். ஒன்றும் இல்லை. ஆமிஷ் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பேக்கரியில் கேட்டோம். அந்த அம்மா சிரித்துவிட்டு, நீங்கள் முந்நூறு வருஷம் பிந்தி வந்திருக்கிறீர்கள் என்றார்.

உண்மைதான். இங்கே மட்டுமல்ல, ஐரோப்பா முழுவதிலுமே இன்று ஓர் ஆமிஷ் சபையும் இல்லை. கடைசியாக இருந்தது ஜெர்மனியின் இக்ஸ்ஹைம் சபை. அதுவும் 1937இல் மெனோனைட் சபையோடு சேர்ந்துவிட்டது. வட அமெரிக்காவில் அவர்கள் இப்போது சுமார் 4 லட்சம் பேர். ஊற்று வற்றிவிட்டது, ஆறு கடலுக்கு அப்பால் ஓடுகிறது.

கடைக்குட்டிக்குக் கோபம். "ஒருத்தரும் இல்லையெண்டா ஏன் வந்தனாங்கள்?" ஆற்றுப் பாலத்தருகே ஒரு மதிலில் எல்லோரையும் இருத்தி, வரலாறு படிக்கும் தங்கையைக் கதை சொல்ல விட்டோம்.

கதை சூரிச்சில் தொடங்குகிறது. 1525 ஜனவரியில் அங்கே சிலர், குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் போதாது, விசுவாசித்துத் தானாகக் கேட்டுப் பெறுவதே ஞானஸ்நானம் என்று சொல்லி, ஒருவருக்கொருவர் திரும்பவும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அனபாப்டிஸ்ட், அதாவது மறுஞானஸ்நானக்காரர் என்று அவர்களுக்குப் பட்டப்பெயர் விழுந்தது. 1527 ஜனவரி 5 அன்று அவர்களில் ஒருவரான பேலிக்ஸ் மான்ஸைக் கைகால் கட்டி லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். கொன்றவர்கள் கத்தோலிக்கர் அல்ல. சீர்திருத்தம் பெற்ற சூரிச் நகர ஆட்சி, நம்மைப் போன்ற புரொட்டஸ்தாந்தர். தண்ணீரைத் திரும்பக் கேட்டவனுக்குத் தண்ணீரே தண்டனை. 2004இல் அந்த ஆற்றங்கரையில் நினைவுக்கல் பதித்து, சூரிச் சீர்திருத்த சபை மன்னிப்புக் கேட்டது. 477 வருஷம் எடுத்திருக்கிறது.

சுவிஸ் நாட்டில் துரத்தப்பட்டவர்கள் மலை தாண்டி அல்சாஸுக்கு வந்தார்கள். முப்பதாண்டுப் போரில் ஆளில்லாமல் கிடந்த நிலங்களுக்கு உழைக்கிற கை தேவைப்பட்டது. அவர்களோடு வந்தவர்களில் ஒருவர்தான் யாக்கோப் அம்மான். 1644இல் சுவிஸ் நாட்டு எர்லன்பாக்கில் பிறந்தவர், தொழில் தையல். தாய்மாமனைத் தமிழில் அம்மான் என்போம் அல்லவா, எங்கள் பிள்ளைகளுக்கும் அவர் 'யாக்கோபு அம்மான்' ஆகிவிட்டார். அவர் பெயரிலிருந்துதான் ஆமிஷ் என்ற பெயர் வந்தது.

அம்மான் கண்டிப்பானவர். சபைநீக்கம் செய்யப்பட்டவரை என்ன செய்வது என்பதில்தான் சண்டை. சுவிஸ் மூப்பரான ஹான்ஸ் ரைஸ்ட், திருவிருந்தில் சேர்க்காமல் விட்டால் போதும் என்றார். அம்மானோ, வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அவரோடு உட்காரக்கூடாது, கணவன் மனைவியானாலும் விதிவிலக்கில்லை என்றார். நம் ஊரில் 'தள்ளிவைக்கிறது' என்போமே, அதுதான். 1693இல் எம்மென்டால் பக்கம் ஒரு களஞ்சியத்தில் கூட்டம் கூடினார்கள். ரைஸ்ட் வரவில்லை, அறுவடை வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அம்மான் அந்த இடத்திலேயே ரைஸ்டையும் இன்னும் ஆறு பேரையும் சபைநீக்கம் செய்தார். பெண்கள் முழந்தாளிட்டுக் கெஞ்சினார்கள். ஒருவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அம்மான் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். அல்சாஸ் போதகர்கள் 23 பேரில் 20 பேர் அவர் பக்கம் நின்றார்கள். அதன்பின் அவர் வந்து குடியிருந்ததுதான் இந்தப் பள்ளத்தாக்கு, ஊருக்கு மேலே பத்தித் லியெப்வ்ர் என்ற சரிவு.

ஆமிஷ் என்றால் குதிரைவண்டி என்று நினைத்து வந்தோம். வண்டியிலோ மின்சாரத்திலோ தொடங்கிய பிரிவு அல்ல இது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதில் தொடங்கியது.

இந்த இடத்தில் எங்களில் ஒரு பெடியன் மெல்லக் கேட்டான். "அப்ப, பெரியப்பா செய்ததும் இதுதானே?"

வாசிக்கிற உங்களில் சிலருக்கு இந்தக் கதை தெரியும். தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: சில வருஷங்களுக்கு முன் நம் சபையில் ஒருவர், குழந்தை ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர், வேறொரு கூடுகையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். அதன்பின் பேச்சு வளர்ந்தது. அவர் குடும்பத்தோடு போனார், இன்னும் சில குடும்பங்களும் போயின. இன்று ஒரே தெருவில் சாமான் வாங்குகிறோம். கத்தரிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நேருக்கு நேர் வந்தால் அவர்கள் முருங்கைக்காயைப் பார்க்கிறார்கள், நாங்கள் வெண்டிக்காயைப் பார்க்கிறோம். அவருடைய மகளின் கலியாணத்துக்கு நம்மில் எத்தனை பேர் போனோம்? இதை எழுதுகிற நாங்கள் மூன்று பேரும் போகவில்லை. யாரும் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மானாவது தன் விதியை வெளிப்படையாகச் சொன்னார்.

பெடியனுக்கு நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. சுரங்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினோம். பதில் சொல்லத் தெரியாத பெரியவர்களுக்குக் கடிகாரம் நல்ல துணை.

சுரங்கம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. தலைக்கவசம் போட்டு, குனிந்து குனிந்து, 16ஆம் நூற்றாண்டில் உளியால் குடைந்த பாதையில் போகலாம். ஓர் ஆள் மட்டும் நுழையும் அகலம். குளிர். நீங்கள் போனால் மே மாதமானாலும் தடித்த உடுப்பு கொண்டுபோங்கள். எங்களில் பாதிப் பேர் நடுங்கியபடி வெளியே வந்தோம்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஆமிஷ் மக்கள் நெடுநாள் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆறே எல்லை. ஒரு கரை லொரேன் பிரபுவுக்கு, கத்தோலிக்கர், பிரெஞ்சு பேசுபவர்கள். மறுகரை ரிபோபியேர் பிரபுக்களுக்கு, புரொட்டஸ்தாந்தர், ஜெர்மன் பேசுபவர்கள். அந்தக் கரையில்தான் இவர்களுக்கு இடம் கிடைத்தது. நன்றாக உழைத்தார்கள், படைக்கு ஆள் அனுப்ப மறுத்தார்கள். 1712இல் பதினான்காம் லூயி மன்னர் அனபாப்டிஸ்டுகளை அல்சாஸிலிருந்து வெளியேற்றக் கட்டளையிட்டார். 1685இல் ஹூகனோத் மக்களின் உரிமையைப் பறித்த அதே மன்னர்தான். சிலர் அப்போது பிரான்சைச் சேராத மொன்பெலியாருக்குப் போனார்கள், சிலர் ஜெர்மனிப் பக்கம் போனார்கள். அங்கிருந்தெல்லாம் கப்பலேறிப் பென்சில்வேனியா போனவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள் கைப்பேசியில் பார்த்தவர்கள். அம்மானின் கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கட்டளை வருகிறது, மூட்டை கட்டுகிறார்கள், எல்லை தாண்டுகிறார்கள். இதைக் கேட்டபோது எங்களோடு வந்த அக்கா ஒருவர் ஒன்றும் பேசவில்லை. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்டவர் அவர். பிறகு, "பைபிளும் பாட்டுப் புத்தகமும் கொண்டுபோயிருப்பினம்" என்று மட்டும் சொன்னார். சரிதான். ஆமிஷ் ஆராதனையில் இன்றும் பாடுகிற 'அவுஸ்புண்ட்' என்ற பாட்டுப் புத்தகத்தின் முதற்பாடல்கள், 16ஆம் நூற்றாண்டில் பஸ்ஸாவ் கோட்டைச் சிறையில் கிடந்த அனபாப்டிஸ்டுகள் எழுதியவை.

மொழியையும் கொண்டுபோனார்கள். ஆமிஷ் பிள்ளைகள் வீட்டில் ஒரு ஜெர்மன் பேச்சுமொழி, வேதம் வாசிக்க ஏட்டு ஜெர்மன், பள்ளியிலும் கடையிலும் ஆங்கிலம் என்று மூன்றோடு வளர்கிறார்கள். இந்தியானா மாநிலத்தின் ஒரு பகுதியில் அல்சாஸ் பேச்சையே இன்றும் பேசும் ஆமிஷ் குடும்பங்கள் உண்டு. அல்சாஸிலோ பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறார்கள். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எங்கள் பின்வரிசையும் பிரெஞ்சில்தான் கதைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, இவ்வளவு கண்டிப்பான ஆட்களை ஏன் உலகம் போய்ப் பார்க்கிறது என்று ஒருத்தி கேட்டாள். 1985இல் வந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்துக்குப் பிறகு லங்காஸ்டருக்குச் சுற்றுலாக் கூட்டம் இன்னும் பெருகியது உண்மை. ஆனால் உலகம் அவர்களை வேறொரு காரணத்துக்காகவும் ஒருநாள் திரும்பிப் பார்த்தது. 2006 அக்டோபர் 2 அன்று அதே மாவட்டத்தில் ஓர் ஆமிஷ் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அதே நாளே ஆமிஷ் அயலவர் அவனுடைய வீட்டாரைத் தேடிப்போய், உங்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை என்றார்கள். அவனுடைய அடக்கத்துக்கும் போய் நின்றார்கள். அந்த ஊரின் பெயர் நிக்கல் மைன்ஸ். அங்கேயும் சுரங்கம்.

மேசையில் உட்காராதே என்று பிரிந்த மக்கள், பிள்ளைகளைக் கொன்றவனின் வீட்டுப் படியேறினார்கள். இரண்டும் எப்படி ஒரே மக்களிடம் இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒரு தம்பி, வெளியாளை மன்னிப்பது சுலபம், சொந்தக்காரனைத்தான் மன்னிக்க ஏலாது என்றான். பதினாறு வயது அவனுக்கு.

அம்மான் கதையில் பலர் சொல்லாமல் விடும் ஒரு பகுதி உண்டு. 1700 அளவில் அவரும் அவரோடு நின்றவர்களும், அவசரப்பட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, தங்களையே சபைநீக்கம் செய்து, மறுபக்கத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் தள்ளிவைக்கும் கொள்கையை விடவில்லை. மறுபக்கத்தாரும் அதை ஏற்கவில்லை. ஒப்புரவு கூடி வரவில்லை.

பாரிஸ் வந்து சேர இரவு பத்து மணி. அடுத்த நாள் ஆராதனைக்குப் போகும்போது, ஃபோபூர் சென் தெனி தெருவில் வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம் வாழைப்பூவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் அம்மாமார் சேலையோடும் பைபிளோடும் வந்ததைப் பார்த்ததும் கமரா அந்தப் பக்கம் திரும்பியது. ஒருவர் மிக மரியாதையாக, தேர் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நாங்கள் தேவாலயம் போகிறோம் என்றோம். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். முதல்நாள் குதிரைவண்டி இல்லை என்று கேட்டபோது எங்கள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அடுத்த வசந்தத்தில் மொன்பெலியார் போக எண்ணம். துரத்தப்பட்டவர்களின் சந்ததியார் நடத்தும் மெனோனைட் சபை அங்கே இன்றும் இருக்கிறது. முப்பது இருக்கை உள்ள பஸ் பிடித்தால் தலைக்கு விழும் செலவு ரயிலைவிடக் குறைவு என்று பொருளாளர் கணக்குக் காட்டினார். நம் பிள்ளைகள் பதினான்கு, பெரியவர்கள் மூன்று. மிச்சம் பதின்மூன்று இருக்கை. பெரியப்பாவைப் பற்றிக் கேட்ட அதே பெடியன்தான் அவற்றை யாருக்குக் கொடுக்கலாம் என்று சொன்னான். அவனுடைய மச்சான்மாரும் மச்சாள்மாரும் அந்தக் கூடுகையின் பிள்ளைகளும் எத்தனை பேர் என்று எண்ணியும் வைத்திருந்தான். அதைக் கடிதமாக எழுதி, நாங்கள் மூவரும் கையெழுத்திட்டு, சபைச் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறோம். கார்த்திகைக் கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டுச் சாப்பாடு முப்பது பேருக்கு என்று இப்போதே அம்மாமாரிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.