வில்ட்டா, ரஸ்ஸலா? 60 ஆண்டாகத் தீராத வழக்கு

எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று பேச்சு முற்றி, கையிலிருந்த டீ ஆறிப்போன நாட்கள் வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடமும் அப்படி ஒரு வழக்கு உண்டு. இன்றைய இளவட்டங்கள் மைக்கேல் ஜோர்டானா, லெப்ரான் ஜேம்ஸா என்று மோதிக்கொள்கிறார்கள். தலை நரைத்தவர்களின் வழக்கு அதற்கும் முந்தியது. வில்ட் சேம்பர்லெயின் பெரியவரா, பில் ரஸ்ஸல் பெரியவரா?

வில்ட் கட்சிக்காரர்கள் முதலில் எடுத்து வைப்பது ஒரே ஓர் இரவை. 1962 மார்ச் 2. பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊர். சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்காக ஆடிய வில்ட், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராகத் தனி ஆளாக 100 புள்ளி எடுத்தார்! அணியின் மொத்தம் 169. நிக்ஸ் எடுத்தது 147.

எதிரணி தவறு செய்தால் தடுப்பார் இல்லாமல் வீச ஒரு வாய்ப்பு தருவார்கள். 'ஃப்ரீ த்ரோ' என்பார்கள். 7 அடி 1 அங்குல உயரமுள்ள வில்ட்டுக்கு இதுதான் சங்கடம். பாதிக்குப் பாதி கோட்டை விடுவார். ஆனால் அந்த ஆண்டு பந்தை இரு கையாலும் கீழிருந்து மேலாக வீசிப் பார்த்தார். அன்றிரவு 32 வாய்ப்பில் 28 விழுந்தது. பலன் தந்த அந்த முறையைப் பிற்பாடு அவரே விட்டுவிட்டார். பார்க்கக் கேலியாக இருக்கிறதாம்! சூரனுக்கும் கூச்சம் இருக்கத்தானே செய்யும்.

படம் எடுத்தவர் இல்லை

அந்த ஆட்டத்தை முழுவதுமாகக் காட்டும் படச்சுருள் கிடையாது. தொலைக்காட்சியும் வரவில்லை. கடைசிக் கால் பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் மிஞ்சியது. 100 என்று எழுதிய தாளைப் பிடித்தபடி வில்ட் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. உலகம் பார்த்தது அதைத்தான். அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். ஆனால் "நான் நேரில் பார்த்தேன்" என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் கூட்டினால், அந்த அரங்கம் கொள்ளாது.

ஆட்ட முடிவில் நடந்ததை ரஸ்ஸல் கட்சிக்காரர்கள் விடமாட்டார்கள். வில்ட் கைக்குப் பந்து போகாதபடி நிக்ஸ் வீரர்கள் மற்றவர்களைப் பிடித்துத் தள்ளினார்கள். பந்தைத் திரும்பப் பெற வாரியர்ஸும் அதையே செய்தார்கள். "இது ஆட்டமா?" என்பது அவர்கள் கேள்வி.

கணக்கில் ஏறாத கை

ரஸ்ஸல் ஆடியது பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில். 13 பருவங்களில் 11 சாம்பியன் பட்டம். வில்ட்டுக்குக் கிடைத்தவை 1967, 1972 என இரண்டே. ரஸ்ஸல் வந்தபோது லீகில் இருந்தவை 8 அணிகள்தான், இன்றோ 30 என்று எதிர்க்கட்சி உடனே மடக்கும்.

ரஸ்ஸலின் வித்தை தடுப்பு. எதிரி வீசும் பந்தைக் கூட்டத்துக்குள் அடித்துக் கைதட்டல் வாங்கமாட்டார். தன் ஆள் கையில் விழுமாறு தட்டிவிடுவார். அதிலிருந்தே பாஸ்டனின் பாய்ச்சல் தொடங்கும். ஆனால் தடுத்த வீச்சுகளை லீக் எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றதோ 1969. ஆக, அவருடைய பெரிய சொத்துக்குக் கணக்குப் புத்தகமே இல்லை. பார்த்தவர்களின் ஞாபகம்தான் சாட்சி.

1961-62 பருவத்தில் வில்ட்டின் சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளி. அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதோ, 18.9 சராசரி எடுத்த ரஸ்ஸலுக்கு! அக்காலத்தில் அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் எழுத்தாளர்கள் அல்ல, ஆட்டக்காரர்களே. இந்தச் சாட்சியத்தை வில்ட் கட்சியால் எளிதில் தள்ள முடிவதில்லை.

இதே 1961-ல்தான் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், கறுப்பர் என்பதால் செல்டிக்ஸ் வீரர்களுக்கு ஓட்டலில் சாப்பாடு போட மறுத்தார்கள். ரஸ்ஸலும் கறுப்புத் தோழர்களும் ஆட்டத்தில் இறங்காமலே ஊரை விட்டுக் கிளம்பினார்கள். 1966-ல் அவர் அந்த லீகின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். வெளியூரில் பிழைக்கப் போனவர்களுக்கு, எந்தப் புள்ளியையும் விட இந்தக் கதை சட்டென்று புரியும்.

பேசாத நண்பர்கள்

ரசிகர்கள் அடித்துக்கொண்டாலும் இருவரும் நண்பர்கள். ஆட்டத்துக்குப் போன இடத்தில், பிலடெல்பியாவில் வில்ட்டின் தாயார் வீட்டு விருந்தில் ரஸ்ஸல் கை நனைத்திருக்கிறார். அந்த நட்பை உடைத்தது 1969 மே 5.

லாஸ் ஏஞ்சல்ஸில் இறுதிச் சுற்றின் 7-வது ஆட்டம். சொந்த அணி வென்றதும் கொட்ட, கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார்கள். லேக்கர்ஸுக்கு ஆடிய வில்ட், முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கையில் முழங்காலில் அடிபட்டு வெளியே வந்தார். மீண்டும் இறங்கக் கேட்டார், பயிற்சியாளர் விடவில்லை. பாஸ்டன் 108-106 என வென்றது. பலூன்கள் கூரையிலேயே கிடந்தன. அதுவே ரஸ்ஸலின் கடைசி ஆட்டம்.

அவர் அத்தோடு விட்டிருக்கலாம். கல்லூரி மாணவர்களிடையே பேசும்போது, வில்ட் வெளியேறியிருக்கக் கூடாது என்று குத்திக் காட்டிவிட்டார். விஷயம் பத்திரிகைக்குப் போயிற்று. சுமார் 20 ஆண்டு இருவருக்கும் பேச்சு இல்லை. பிறகு ரஸ்ஸலே மன்னிப்புக் கேட்டார். 1999 அக்டோபரில் வில்ட் 63 வயதில் காலமானபோது, அஞ்சலிக் கூட்டத்தில் ரஸ்ஸல் பேசினார்.

ரஸ்ஸல் 2022 ஜூலை 31-ல், 88 வயதில் மறைந்தார். அவர் அணிந்த 6-ம் எண்ணை இனி எந்த அணியிலும் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று லீக் முடிவு செய்தது. ஏற்கெனவே அணிந்திருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அவர்களில் ஒருவர் லெப்ரான் ஜேம்ஸ். 2023-ல் அவரும் 6-ஐக் கழற்றிவிட்டுத் தன் பழைய 23-க்குத் திரும்பினார். அதுவோ மைக்கேல் ஜோர்டானின் எண்!