பெரிய எண் நல்ல மருந்தா?

டைபாய்டுக்கு எடுத்த ரத்தக் கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் மருந்துகளுக்கு எதிரே உள்ள மில்லிமீட்டர் எண்களைத்தான் பார்க்கிறோம். பெரிய எண் உள்ளதே நல்ல மருந்து என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. நம் வட்டாரத்தில், 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரம்பலூரில் தனியார் கல்லூரி இருக்கிறது. இவற்றால் பரிசோதனைக் கூடம் நமக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால், ரிப்போர்ட்டைப் படிக்கவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நோயாளியின் ரத்தத்திலிருந்தோ மலத்திலிருந்தோ வளர்த்த கிருமியை, கிருமி வளர்க்கும் அகர் தட்டில் சீராகப் பரப்பி, மருந்து ஊறிய காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் கழித்துப் பார்த்தால், கிருமி வளர முடியாத இடம் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் விட்டம்தான் ரிப்போர்ட்டில் உள்ள எண். பாவர், கிர்பி குழுவினர் 1966இல் தரப்படுத்திய முறை இது.

ஆனால் ஒவ்வொரு மருந்தும் அகரில் பரவும் வேகம் வேறு, உடம்பில் சேரும் அளவும் வேறு. அதனால் எல்லைக்கோடும் மருந்துக்கு மருந்து மாறும். டைபாய்டு கிருமிக்கு அசித்ரோமைசின் 15 மி.மீ. காட்டினால் ‘எஸ்’, அதாவது மருந்து கேட்கும். சிப்ரோபிளாக்சசினோ 25 காட்டினாலும் போதாது, 31 வேண்டும். 2012க்கு முன் அதற்கும் 21 போதும் என்றிருந்தது. ‘எஸ்’ என்று வந்தவர்களிலும் பலருக்குக் காய்ச்சல் இறங்காததைக் கண்டுதான் அமெரிக்கத் தர நிறுவனம் எல்லைக்கோட்டை உயர்த்தியது.

ஜென்டமைசின் இன்னும் ஏமாற்றும். தட்டில் அழகான வட்டம் வரும். ஆனால் டைபாய்டு கிருமி நம் செல்களுக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறது. அந்த மருந்து அங்கே போதிய அளவில் எட்டுவதில்லை. அதனால் வட்டம் எவ்வளவு பெரிதானாலும் அதை ‘எஸ்’ என்று எழுதக் கூடாது என்பது விதி.

கிருமியும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. 1972இல் கோழிக்கோட்டில் குளோராம்பெனிகால் என்ற மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. அடுத்து நம்பிய சிப்ரோபிளாக்சசினும் இந்தியாவில் பெருமளவு கைவிட்டது. இதற்கிடையே பழைய குளோராம்பெனிகாலுக்குப் பல இடங்களில் கிருமி மீண்டும் கட்டுப்படுகிறது. ஆகவே போன தடவை கேட்ட மாத்திரை இந்தத் தடவையும் கேட்கும் என்று நம்ப முடியாது.

எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை; சாதாரண வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலே போதும். காய்ச்சல் நீடித்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ மருந்துக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளை உள்ளே போவதற்கு முன்பே கல்ச்சருக்கு மாதிரி கொடுத்துவிடுங்கள்.